கேன்சர் மருந்துக்கு நடுவில் கண் சிவந்தால்: எங்கே போவது, எதை நிறுத்துவது

கீமோவோ மாத்திரையோ இம்யூன் ஊசியோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர் மேல் திருப்பிவிடும் ஊசி) ஓடிக்கொண்டிருக்கும்போது கண் சிவந்து வலித்தால், நம் ஊர்ப்பக்கம் ஆட்கள் நாலு வழியில் ஒன்றை எடுக்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து கேட்கிறார்கள். இல்லையென்றால் அடுத்த ஊசிக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் கேன்சர் மாத்திரையையே தாங்களாக நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் பேர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பதால் இந்த நாலு வகை ஆட்களையும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளூரில் கண் டாக்டர், அன்றைக்கே அல்லது மறுநாளே, அங்கிருந்தபடியே கேன்சர் டாக்டருக்கு ஒரு போன். மற்ற மூன்றும் எங்கே சறுக்குகின்றன, எப்போது அதிலும் நியாயம் இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேன்சர் மருந்தால் வரும் கண் தொந்தரவு எல்லாம் ஒரே ரகம் இல்லை. கண்ணின் மேற்பரப்பிலும் இமையிலும் நிற்பது ஒன்று, கண்ணுக்கு உள்ளே போவது இன்னொன்று. கேப்சிடபின், 5-எஃப்யூ மாதிரி மருந்துகளில் எரிச்சல், நீர் வடிதல், இமை ஓரச் சிவப்பு வரும். டோசிடாக்சலில் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் மெல்லிய குழாய் சுருங்கி, அழாமலே கன்னத்தில் வழியும். வாரா வாரம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு இது கூடுதல். நுரையீரல் கேன்சருக்குக் கொடுக்கிற ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் வகை மாத்திரைகளில் இமை ஓரம் தடித்துச் செதில் செதிலாக வரும், இமை முடி நீளமாகச் சுருண்டு வளர்ந்து உள்பக்கம் திரும்பிக் கருவிழியைக் குத்தவும் செய்யும். ரத்தப் புற்றுக்குச் சாப்பிடும் இமாடினிபில் காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். அது பெரும்பாலும் அழற்சியே கிடையாது, நீர் கோத்துக்கொள்வது.

உள்ளே போகிறதுதான் பயப்பட வேண்டிய ரகம். கண்ணுக்குள் வரும் இந்த அழற்சியை டாக்டர்கள் யூவைடிஸ் என்பார்கள். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற இம்யூன் ஊசிகளில் இது நூற்றில் ஒருவருக்கு என்கிற அளவில் வருகிறது. கண் உலர்வது அதைவிட அதிகம். முன்பெல்லாம் இந்த ஊசிகள் நம் ஆட்களுக்கு எட்டாத விலை. மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, ஆயுள் கூடுவதாக ஆய்வு வெளியிட்டார்கள். அதற்கப்புறம் நடுத்தரக் குடும்பங்களின் சீட்டிலும் இந்தப் பெயரைப் பார்க்க வாய்ப்பு வந்திருக்கிறது. டாப்ராஃபெனிப், ட்ராமெடினிப் என்று ஜோடியாகக் கொடுக்கும் மாத்திரைகளிலும் யூவைடிஸ் வரும். அதோடு ட்ராமெடினிப் வகையில் விழித்திரைக்கு அடியில் நீர் தேங்குவதும் உண்டு, அப்போது கண் சிவக்கவே சிவக்காது, பார்வை மட்டும் மங்கும், நேர்கோடு வளைந்து தெரியும்.

இன்னொரு ஆள் இருக்கிறது, யாருமே சந்தேகப்படாத ஆள். எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட். வீட்டில் இதை ‘எலும்பு ஊசி’ என்பார்கள், ஏதோ சத்து ஊசி மாதிரி நினைத்துக்கொண்டு மருந்துப் பட்டியலில்கூடச் சொல்ல மாட்டார்கள். ஏற்றிய சில நாட்களுக்குள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் வலித்தால் அது இந்த ஊசியின் வேலையாக இருக்கலாம், குறிப்பாக முதல் தடவை ஏற்றிக்கொண்டவர்களுக்கு. கண் டாக்டர் ‘வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்று கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் இருந்தபடியே ஓரளவுக்குப் பிரித்துப் பார்க்கலாம். அரிப்பு, பீளை, காலையில் இமை ஒட்டிக்கொள்வது, மண் விழுந்த மாதிரி உறுத்தல், கண்ணைச் சிமிட்டினால் மங்கல் தெளிவது எல்லாம் பெரும்பாலும் மேற்பரப்பு. ஆழத்தில் ஒரு குத்துவலி, வெளிச்சத்தைக் கண்டால் கூசுவது, கறுப்பு முழியை ஒட்டி வட்டமாகச் சிவப்பு, எத்தனை தடவை சிமிட்டினாலும் போகாத மங்கல், இதெல்லாம் உள்ளே. கண் முன்னால் புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ அது கண்ணின் இன்னும் பின்பக்கம். இந்தப் பிரிப்பு எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ளத்தான். என்ன நோய் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள இது போதாது.

சரி, முதல் வழி, என் கடை.

“அண்ணாச்சி, கண்ணு செவந்து கெடக்கு, போன தடவை குடுத்தீங்கள்லா, அதே சொட்டு மருந்தக் குடுங்க” என்று வருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கிருமிக்கொல்லியும் டெக்ஸாமெத்தசோனும் கலந்த சொட்டு. ஸ்டீராய்டு இருப்பதால் எந்தச் சிவப்பானாலும் ரெண்டு நாளில் வெளுக்கும், வலி அடங்கும், ஆகவே அது நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிட்டது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஆனால் எந்தக் கடையிலுமே கிடைக்காது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

கேன்சர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இதை ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறேன் என்றால், கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும்போது கண்ணில் சிவப்பாகத் தெரிவது மருந்தின் எதிர்விளைவாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். அக்கி வைரஸ் கருவிழியைத் தாக்கினாலும் ஆரம்பத்தில் வெறும் சிவப்பும் உறுத்தலும்தான். அதன் மேல் ஸ்டீராய்டு விட்டால் கிளை கிளையாக இருக்கும் புண் இன்னும் அகலமாக விரியும். அதைவிட நம் பக்கத்துக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. பூஞ்சைப் புண். நெல் அறுப்பில் கதிர் குத்தியது, வாழைத்தோட்டத்தில் சருகு அடித்தது, மாட்டு வால் பட்டது என்று வரும் கண்களில் பூஞ்சை பிடிப்பது இங்கே சர்வசாதாரணம். 1997-இல் மதுரை அரவிந்திலிருந்து வெளியான ஆய்வில், கிருமி வளர்ந்து தெரிந்த கருவிழிப் புண்களில் ஏறக்குறையப் பாதி பூஞ்சை. குளிர் நாடுகளில் இந்தக் கணக்கு ரொம்பக் குறைவு. பூஞ்சைக்கு ஸ்டீராய்டு விட்டால் முதல் ரெண்டு நாள் நன்றாக இருக்கும், அதற்கப்புறம் கருவிழியே ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். கீமோவுக்கு நடுவில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வயலுக்குப் போய் நிற்கிற பெரியவர்கள் நம் பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் கடைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வெறும் உலர்வு, லேசான எரிச்சல், பார்வை தெளிவு, வலி இல்லை என்றால் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள் போதும், அதில் ஸ்டீராய்டு கிடையாது. அடிக்கடி விட வேண்டியிருந்தால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் ஏற்கெனவே புண்பட்ட மேற்பரப்பை அது மேலும் உறுத்தாது. ரெண்டு நாளில் குறையவில்லை என்றால் மூன்றாம் நாள் என் கடைக்கு வராதீர்கள்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய்க்கெல்லாம் ஒரே பதில்: வேண்டாம். ஆச்சிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி நீக்காத எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

ரெண்டாவது வழி, காத்திருந்து கேன்சர் ஆஸ்பத்திரியில் சொல்வது. இதை எடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும், நெய்யூருக்கும், மதுரைக்கும், அடையாறுக்கும் போய்ப் பார்க்கிறார்கள். பைல் அங்கே, டாக்டர் அங்கே, மருந்து எழுதியவருக்குத்தான் அதன் குணம் தெரியும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் யூவைடிஸ் அடுத்த ஊசித் தேதி வரைக்கும் பொறுத்திருக்காது. உள்ளே அழற்சி இருக்கும்போது கருவிழிக்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் திரை அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்ட ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் சொட்டு மருந்திலேயே அந்த ஒட்டு பிரிந்துவிடும். நாள் கடந்தால் ஒட்டியது ஒட்டியதுதான், கண்பாப்பா கோணல்மாணலாக நின்றுவிடும், கண் அழுத்தம் ஏறும். அதோடு, பல கேன்சர் வார்டுகளில் கண்ணை உள்ளே பார்க்கிற கருவி பக்கத்தில் இருக்காது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர்களும் கண் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை வாங்க நூற்றைம்பது கிலோமீட்டர் போய்வர வேண்டியதில்லை.

அந்தக் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே அதன் மேல்தான் நிற்கிறது. ஸ்லிட் லாம்ப். தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டவைத்து உட்காரச் சொல்வார்கள். அறையை இருட்டாக்கி, மெல்லிய கோடு மாதிரி ஒரு வெளிச்சத்தைச் சாய்வாகக் கண்ணுக்குள் விடுவார்கள். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓட்டு வழியாக இறங்கும் வெயிலில் தூசி மிதப்பது தெரியுமே, அதுபோல, அழற்சி இருந்தால் அந்த வெளிச்சக் கோட்டில் வெள்ளணுக்கள் மிதப்பது டாக்டருக்குத் தெரியும். எவ்வளவு மிதக்கிறது என்பதை வைத்து அளவு போடுவார், அடுத்த தடவை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஒப்பிடுவார். அப்புறம் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழியில் புண் இருந்தால் பச்சையாகப் பளிச்சிடும். அக்கியின் கிளையும் அதில்தான் தெரியும். அழுத்தம் அளப்பார்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டுப் பின்பக்கம் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இதையெல்லாம் பார்க்காமல் ஸ்டீராய்டு சொட்டு எழுதுவது குருட்டாம்போக்கு, எழுதுகிறவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. சுவாமி நெல்லையப்பர் ஹை ரோட்டில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988 முதல் இருக்கிறது, பணம் கட்டிப் பார்க்கும் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது, அங்கேயே கேன்சருக்கும் பார்க்கிறவர்கள் என்றால் ஒரே வளாகத்தில் ரெண்டு டாக்டரும். தனியார் கண் ஆஸ்பத்திரிகளும் வண்ணார்பேட்டை முதல் ஜங்ஷன் வரைக்கும் உண்டு. நகரத்துக்கு வர முடியாத தூரத்தில் இருப்பவர்களுக்குச் சிறு ஊர்களில் விஷன் சென்டர் இருந்தால் அங்கே ஸ்லிட் லாம்ப் இருக்கும், டாக்டர் திரை வழியே பேசுவார். இந்தத் தொந்தரவுக்கு அது முதல்படி மட்டும்தான், ஆனாலும் கடையில் சொட்டு வாங்குவதைவிட நூறு மடங்கு மேல்.

போகும்போது கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் பாதி விஷயம். கண் ஆஸ்பத்திரி வரிசையில் ‘கண் சிவப்பு’ என்று மட்டும் சொன்னால் மெட்ராஸ் ஐ கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பீர்கள். கீமோ ஆளுக்கு அந்தக் கூட்டமே ஆபத்து. சீட்டுப் போடும் இடத்திலேயே ‘கேன்சர் மருந்து ஓடுகிறது, கண்ணுக்குள் வலி, வெளிச்சம் கூசுகிறது’ என்று சொல்லுங்கள். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டையின் போட்டோ, கடைசி ஊசி போட்ட தேதி, கடைசி ரத்தப் பரிசோதனை, இவை போதும். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பாப்பா விரித்தால் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கண்ணை அறையும், ஆகவே பைக்கில் தனியாகப் போய்விட்டு ஓட்டிக்கொண்டு வரலாம் என்ற யோசனையை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

கண் டாக்டர் சில சமயம் சம்பந்தமில்லாததைக் கேட்கிற மாதிரி இருக்கும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா, வயலில் தண்ணீரில் நின்றீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா? சம்பந்தம் இருக்கிறது. நம் பக்கத்தில் யூவைடிஸ் வருவதற்கு டி.பி.யும் எலிக்காய்ச்சலும் பழைய காரணங்கள். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் எலிக்காய்ச்சலால் வந்த யூவைடிஸ் கூட்டம் கூட்டமாகப் பதிவானது. 2023 டிசம்பரில் நம்மூரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கேன்சர் மருந்து எடுப்பதாலேயே கண் அழற்சிக்கு அந்த மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இன்னொன்றும் உண்டு, சொல்லச் சங்கடம்தான்: மார்பகம், நுரையீரல் கேன்சர் விழித்திரைக்குப் பின்னால் பரவலாம், ரத்தப் புற்றும் கண்ணுக்குள் வந்து யூவைடிஸ் மாதிரியே வேஷம் போடலாம். அதனால் பின்பக்கம் பார்க்காமல் அனுப்பினால் நீங்களே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். இம்யூன் ஊசி எடுப்பவருக்கு இமை தொங்குவது, ஒன்று ரெண்டாகத் தெரிவது, அதோடு விழுங்கச் சிரமம், மூச்சு வாங்குவது என்று வந்தால் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் நேரத்தை விடாதீர்கள். அது கண் நோயே இல்லை, நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வரும் பிரச்சினை, சில சமயம் இதயத் தசையையும் சேர்த்துப் பிடிக்கும். நேராக ஐ.சி.யூ. இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி.

உள்ளே அழற்சிதான் என்று உறுதியானபின் அடுத்த தேர்வு வருகிறது: சொட்டா, கண்ணுக்குப் பக்கத்தில் ஊசியா, ஸ்டீராய்டு மாத்திரையா? டாக்டர் முடிவு செய்வார், ஆனால் ஏன் என்று தெரிந்தால் கேள்வி கேட்க முடியும். முன்பக்கம் மட்டும் என்றால் பிரெட்னிசோலோன் அசிடேட் சொட்டும், பாப்பாவை விரித்து வைக்க ஹோமட்ரோபினோ அட்ரோபினோவும்தான் பெரும்பாலும். உடம்புக்குள் அதிகம் போகாது, சர்க்கரை ஏறாது, இம்யூன் ஊசியின் வேலையைக் கெடுக்குமோ என்ற கவலையும் இல்லை. தொல்லை என்னவென்றால் ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை விடச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஊசி போட்டால் அந்த அலைச்சல் இல்லை, பின்பக்கத்துக்கும் போய்ச் சேரும். ஆனால் கண் அழுத்தம் ஏறினால் சொட்டை நிறுத்துகிற மாதிரி ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். மாத்திரை, ரெண்டு கண்ணிலும் பின்பக்கம் வரை அழற்சி என்றால்தான். நம் பக்கத்தில் சர்க்கரைக்காரர்கள் அதிகம், ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் சர்க்கரை தலைகீழாக ஏறும், டி.பி. இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆரம்பிக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், முன்பக்கம் மட்டும் என்றால் சொட்டின் அலைச்சலைத் தாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது பெரிய கேள்வி. கேன்சர் மருந்தைத் தொடர்வதா, நிறுத்தி வைப்பதா, அளவைக் குறைப்பதா, அடியோடு விடுவதா?

மருந்துக்கு மருந்து பதில் மாறும், அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கு உதவாது. இம்யூன் ஊசிகளுக்கு, வெறும் உலர்வு என்றால் ஊசி தொடரும். முன்பக்க அழற்சி என்றால் அடங்கும் வரை தள்ளிவைப்பார்கள். பின்பக்கம், பார்வை குறைந்தது என்றால் பெரும்பாலும் அந்த ஊசியையே விட்டுவிடுவார்கள். டாப்ராஃபெனிபில் ஐரிஸ் அழற்சி வந்தாலும் சொட்டுக்குக் கட்டுப்பட்டால் அதே அளவில் தொடர்வது உண்டு. ட்ராமெடினிபில் விழித்திரைக்கடியில் நீர் என்றால் நிறுத்தி வைத்துவிட்டு, வற்றியதும் திரும்ப ஆரம்பிப்பார்கள். விழித்திரை ரத்தக்குழாய் அடைத்தால் நிரந்தரமாக விட்டுவிடுவார்கள். சோலெட்ரானிக் ஆசிட் என்றால் திரும்ப ஏற்றினால் திரும்பவும் வரலாம், வெள்ளை முழி அழற்சி வரை போனவர்களுக்கு டெனோசுமாப் போன்ற மாற்றைப் பற்றிக் கேட்கலாம். டோசிடாக்சல் குழாய் சுருக்கத்தில் மட்டும் சீக்கிரம் சொன்னால் லாபம்: முழுதும் அடைபடும் முன் கண் டாக்டர் மெல்லிய சிலிகான் குழாய் வைத்துத் திறந்து வைக்கலாம், அடைபட்ட பிறகு பெரிய ஆபரேஷன். ரத்தப் புற்றுக்கு அதிக அளவில் சைட்டராபின் ஏற்றும்போது ஏற்றுவதற்கு முன்பிருந்தே ஸ்டீராய்டு சொட்டு எழுதித் தருவார்கள், அது வருமுன் காப்பது. கண் நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தச் சொட்டைப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

தானாக நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று. மாத்திரை என்றால் நிறுத்திய சில நாட்களில் உடம்பிலிருந்து பெரும்பாலும் போய்விடும், கேன்சருக்கான காவலும் அதோடு போகும். ஊசி என்றால் நிலைமை வேறு. நிவோலுமாப் பாதியாகக் குறையவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த ஊசிக்குப் போகாமல் இருந்தால் கண் சரியாகும் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் ரெண்டையும் இழக்கிறார், கண்ணுக்கு மருந்தும் இல்லை, கேன்சர் டாக்டருக்குத் தகவலும் இல்லை. கண் டாக்டர் ‘அந்த மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று சொன்னாலும் அதைப் போனில் கேன்சர் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ரெண்டு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் நேரில் பேசுவது நம் ஊரில் அபூர்வம். கண் ஆஸ்பத்திரியில் தரும் சீட்டில் எந்தக் கண், முன்பக்கமா பின்பக்கமா, எவ்வளவு அளவு, அழுத்தம் எவ்வளவு, மருந்தால் வந்தது என்று நினைக்கிறாரா என்பதை எழுதச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘அடுத்த டோஸ் எடுக்கவா வேண்டாமா’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் சொட்டு விடுவதிலும் விஷயம் இருக்கிறது. பிரெட்னிசோலோன் அசிடேட் பாலாக இருக்கிற மருந்து, வைத்தால் அடியில் படியும். குலுக்காமல் விட்டால் மேலே தெளிந்த தண்ணீர்தான் கண்ணுக்குள் போகும், அப்புறம் ‘மருந்து கேட்கலை’ என்பார்கள். கையைக் கழுவி, கீழ் இமையை இழுத்துப் பை மாதிரி ஆக்கி, ஒரு சொட்டு போதும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த சொட்டு மருந்துக்கு ஐந்து நிமிஷ இடைவெளி. திறந்த பாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். அம்பாசமுத்திரம், வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் வெளியே போகும்போது பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி போடுங்கள். முக்கூடல், மேலப்பாளையம் வீடுகளில் பீடி சுற்றுகிற அறையில் புகையிலைத் தூசி பறக்கும், சிகிச்சை முடியும் வரை நோயாளியின் கட்டில் அந்த அறையில் இருக்க வேண்டாம். ஆற்றில் முங்கிக் குளிப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

சொட்டு விட ஆரம்பித்து நாலைந்து நாளில் சிவப்பு போய்விடும், அன்றோடு பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்டீராய்டு சொட்டை வாரக் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்: மணிக்கு ஒன்று, ரெண்டு மணிக்கு ஒன்று, நாளைக்கு ஆறு, நாலு, ரெண்டு, ஒன்று என்று டாக்டர் எழுதித் தருகிற வரிசைப்படி. திடீரென்று நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும். வாரக்கணக்கில் விடும்போது சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், வலி இல்லாமல் ஏறும், அதனால் சிவப்பு இல்லையென்றாலும் சொன்ன தேதியில் அழுத்தம் பார்க்கப் போக வேண்டும். அந்தக் குறைக்கும் வரிசையை டாக்டர் சீட்டில் சுருக்கெழுத்தில் எழுதியிருந்தால், மருந்து வாங்கும்போது கடைக்காரரிடம் தேதி போட்டு ஒரு தாளில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவோம், அதற்குக் காசு கிடையாது.